பாறையோரத்தில் அம்மா பார்த்தது

மாரியம்மன் துணை
வட்டகொடை, மேல் டிவிஷன்

அன்புள்ள மகள் சர்மிளாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை நீ நிதானமாகப் படிக்கமாட்டாய். நீயும் சைப்பிரஸில் நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயசான அம்மாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போதெல்லாம் உன் அம்மா உன் பெயரைச் சொல்லித்தான் திரியைத் தூண்டுகிறாள். போன கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தம்பியின் கூட்டாளி திலக்ஷன் அம்மாவின் கட்டுப்போட்ட தோளைப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டதும், நீ பதறிக் கேட்டதும், கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சி கிழித்துவிட்டது என்று நான் சமாளித்ததும், அதை நீ நம்பாததும் எல்லாம் சரிதான். வீட்டில் இருப்பது ஒரே போன், அது எப்போதும் அம்மாவின் பக்கத்தில்தான் கிடக்கிறது, அவள் காதில் விழ இதையெல்லாம் எப்படிச் சொல்வது. பக்கத்துக் காம்பரா வீட்டு வேலாயியின் மகள் லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், இந்த நாலு வரிக்குள்ளேயே வாசலுக்கும் அடுப்படிக்குமாக எழுந்து எழுந்து போய்விட்டேன்.

கிழித்தது மிலாறு இல்லை மகள், சிறுத்தைப் புலி. பொங்கல் கழிந்த அடுத்த வாரம் மேட்டுமலையில் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். அந்தத் தேயிலை மலை உனக்கு நினைவிருக்கும், காட்டை ஒட்டிப் பெரிய பாறை ஒன்று கிடக்குமே, அங்கேதான். காலையிலிருந்தே மூடுபனி, பக்கத்து நிரையில் நிற்பவளின் முகம்கூடத் தெரியாதாம். அம்மா பாறையோரத்தில் குனிந்திருந்தபோது ஒரு பக்கத்திலிருந்து மேலே பாய்ந்திருக்கிறது. அவள் திரும்பிக் குப்புற விழுந்ததால் முதுகில் தொங்கிய கூடை கடியை வாங்கிக்கொண்டது, நகம் மட்டும் இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டது. வேலாயிதான் முதலில் சத்தம் போட்டாள், பிறகு எல்லாப் பெண்களும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவர அது காட்டுக்குள் போய்விட்டது. நான் கீழே லீக்ஸ் பாத்தியில் நின்றேன், அலறலைக் கேட்டு மேலே ஓடினால் என் முழங்கால் பாதியிலேயே மடக்கிப் போட்டுவிட்டது, அவளை இறக்கிக்கொண்டு வரும்போதுதான் பார்த்தேன். கொழுந்து லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, "மலையில வேற யாரும் நிக்கிறாங்களா, எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். தையல் போட்டார்கள், ஊசிகள் போட்டார்கள், கை பிழைத்துவிட்டது, விரல்களை நன்றாக மடக்கி விரிக்கிறாள். உனக்குச் சொல்லவேண்டாம் என்றது அவள்தான். "அவ அங்கருந்து என்னத்தச் செய்வா, சோறு எறங்காமக் கெடப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு தொடங்கியது. அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. படுப்பாள், எழுந்து வாசல் ஸ்தோப்புக்கு வருவாள், மேட்டுமலை இருக்கிற பக்கம் பார்ப்பாள், உள்ளே போவாள், உடனே திரும்பி வருவாள். அடுப்பில் வைத்த தேத்தண்ணி கொதித்து வற்றும், அவள் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். தோட்டத்தில் அந்த மலையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைத்திருந்தார்கள், ஆனாலும் யார் வேலை முடிந்து வந்தாலும் "எந்த மலைக்குப் போனீங்க" என்று கேட்காமல் விடமாட்டாள். இதற்கு நடுவில் வேலாயி ஒரு கதையைக் கட்டிவிட்டாள், மாரியம்மனின் வாகனம் வந்து உன் அம்மா மீனம்மாவைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, அதனால்தான் உயிரை எடுக்காமல் விட்டது என்று. அவ்வளவுதான், மேல் லயம் கீழ் லயம் வரிசை வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் பெண்கள் சூடமும் எலுமிச்சங்காயுமாக வரத் தொடங்கினார்கள், ஒருத்தி தன் மகளுக்கு எப்போது கலியாணம் கூடிவரும் என்று குறிகூடக் கேட்டாள். அம்மா எலுமிச்சங்காயைத் திருப்பி அவள் கையிலேயே வைத்து, "நான் சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, கை வலிக்குது, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

உன் தம்பி நிரோஷன் ஹட்டன் கடையில் லீவு போட்டுவிட்டு வந்து அவள் கட்டிலடியிலேயே கிடந்தான். அவன் கோபத்தை உனக்குத் தெரியும், வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான், பிறகு ஒரே நேரத்தில் வெடிப்பான். அதைக் கொன்று தோலை உரித்து லயத்து வாசலில் கட்டாமல் விடமாட்டேன் என்றான். திலக்ஷனும் இன்னும் சில பொடியன்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள், நாய்களைக் கூட்டிப்போவதா, செத்த கோழியில் மருந்து தடவி வைப்பதா என்று தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் நின்று பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதும் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. புலியை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை மகள்.

அந்த நேரத்தில்தான் வனவிலங்கு ஆட்கள் ஜீப்பில் வந்து மேட்டுமலை ஓரத்து மரத்தில் கமரா கட்டினார்கள். கூட வந்தவள் றொசானா என்ற பிள்ளை, வேதக்காரப் பிள்ளை, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஹோட்டன் சமவெளிக் காட்டில் வருகிறவர்களுக்குக் காட்டைப் பற்றியும் மிருகங்களைப் பற்றியும் சொல்லிக்கொடுக்கிற இயற்கைக் கல்வி நிலையங்கள் இருக்கின்றன, பட்டிப்பொல வாசல் பக்கம் ஒன்று, நடுச் சமவெளியில் ஒன்று, ஓஹிய பக்கம் ஒன்று, அவற்றில் மாறி மாறி விளக்கம் சொல்வது அவளுடைய வேலை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி, மலைக்குத் தனியாகப் போகாதீர்கள், பேசிக்கொண்டே போங்கள் என்றெல்லாம் நம் பேச்சிலேயே சொன்னாள், சனிக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் வந்து பார்க்கலாம், பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு வேன் அனுப்புகிறோம் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாசல்படி தாண்டாத உன் அம்மா, பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நான் வர்றேன் மிஸ்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதல் சனிக்கிழமை பட்டிப்பொல வாசல் பக்கத்து நிலையத்துக்குப் போனோம். ரயிலில் அவள் ஜன்னல் ஓரத்தில் உட்காரவில்லை, வாசலுக்கும் இருக்கைக்கும் நடந்துகொண்டே வந்தாள், பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி அவள் கட்டைப் பார்த்துவிட்டு இடம் கொடுத்தும் உட்காரவில்லை. உள்ளே போனால் நீளமான அறை, சுவரெல்லாம் படங்கள், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், அறைக் கோடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் பண்ணிய புலி. நான் அவளை வேறு பக்கம் திருப்பப் பார்த்தேன், முடியவில்லை. நேரே போய் அதன் முன்னால் நின்றாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. இது எப்படிச் செத்தது என்று றொசானாவிடம் கேட்டாள். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் இடுப்பு மாட்டி ஒரு தோட்டத்தில் கிடந்தது, மயக்க ஊசி போட்டுக் கழற்றிக் கொண்டுவந்தோம், மூன்றாம் நாள் செத்துப்போனது என்றாள் அவள். "ஊசி போட்டுக் காப்பாத்தத்தான் போனீங்களா, இல்ல மனுசரக் கடிச்சிரும்னு அடிக்கப் போனீங்களா" என்று அம்மா கேட்டாள். றொசானா, "காப்பாத்தத்தான் போனோம் அம்மா, முடியல" என்றாள். அம்மா வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சரி, இத்தோடு ஆசை தீர்ந்தது என்று நினைத்தேன். திரும்பும் ரயிலில் "அடுத்த சனிக்கிழமையும் போவோம்ங்க" என்றாள்.

இரண்டாவது தடவை நடுச் சமவெளிக்கு. வேன் மேலே ஏற ஏறக் காற்று காதை அறுக்கிறது, நீ வாங்கி அனுப்பிய ஜம்பர் இல்லாவிட்டால் நான் விறைத்திருப்பேன். மரை மானெல்லாம் வாகனம் நிற்கிற இடத்தில் மாடு மாதிரி வந்து நிற்கிறது, வெள்ளைக்காரர்கள் படமெடுக்கிறார்கள். அங்கே இருப்பது பழைய பங்களா, உள்ளே கொம்பு, எலும்பு, பூச்சி, காட்டுப்பூ என்று அறை அறையாக வைத்திருக்கிறார்கள், சேற்றில் பதிந்த புலியின் காலடியைச் சாந்தில் வார்த்து மேசையில் வைத்திருந்தார்கள். பெரியது ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஒன்று. அம்மா பெரியதைத் தொடவில்லை, அந்தச் சின்னதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு றொசானாவை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒரு எடத்துல புலி இருக்குன்னு ஒருத்தர் வந்து சொன்னா, சொன்னவங்க பேர யாருக்கும் சொல்லுவீங்களா மிஸ்" என்று கேட்டாள். சொல்லமாட்டோம் என்றாள் அவள். "சொன்னா அத என்ன செய்வீங்க, புடிச்சிட்டுப் போவீங்களா." இருக்கிற இடத்தில் ஆட்கள் போகாமல் பார்த்துக்கொண்டால் அதுவே தன்பாட்டில் போய்விடும், பிடித்துக் கொண்டுபோனால் அது அநேகமாகப் பிழைக்காது என்று அவள் சொன்னாள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். என்ன கேள்வி இது என்று நான் கேட்டதற்கு, "சும்மாதாங்க" என்றாள். சும்மா கேட்பவளின் முகம் அப்படி இருக்காது என்பது கூடவா இத்தனை வருசத்தில் எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்க வாய் வரவில்லை, எதையாவது கேட்டு அவள் உடைந்துபோனால் சேர்த்து எடுக்க எனக்குத் தெம்பு இல்லை என்று பேசாமல் வந்தேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பெரட்டில் சொல்லிவிட்டார்கள், மேட்டுமலையில் கொழுந்து முற்றிக் கிடக்கிறது, கமராவிலும் ஒன்றும் விழவில்லை, திங்கட்கிழமை அங்கே வேலை என்று. வேலாயி வந்து சொன்னதும் அம்மா கையிலிருந்த சுளகை அப்படியே கீழே வைத்தாள். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை, விடியுமுன்னே சேலையை மாற்றிக்கொண்டு நின்றாள். மூன்றாவது நிலையம் ஓஹிய பக்கம், காட்டுக்குள்ளே சின்னதாக ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் ஓடை. ஒரு அறையை இருட்டாக்கிச் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். தாய்ப்புலி ஒன்று குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு பாறை இடுக்கிலிருந்து இறங்குகிறது, பார்க்க வந்திருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஓ என்றார்கள். அம்மா எழுந்துவிட்டாள். எழுந்து அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே நடந்து வெளியே போனாள், நான் பின்னாலேயே போனேன். றொசானா பதறிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். பின்பக்கத்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டுதான் அம்மா அதைச் சொன்னாள்.

"நான் பாத்தேன் மிஸ்" என்றாள். "பாறைக்கு அடியில செடியில கொடி சுத்திக் கெடந்துச்சு, அதப் பிடுங்கலாம்னு கைய உட்டேன், மெத்துனு பட்டுச்சு, பூனக்குட்டியோன்னு வெலக்கிப் பாத்தா ரெண்டு குட்டி, கண்ணத் தெறந்து என்னையப் பாக்குது. அப்பத்தான் அது வந்து உழுந்துச்சு. சொன்னா எம்மகன் போய்க் குட்டிய அடிச்சுக் கொன்னுருவான். சொல்லாட்டி திங்கக்கெழம யாராச்சும் அதே எடத்துல கைய உடுவாங்க. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க, இத வச்சிக்கிட்டு என்னால இருக்க முடியல." இவ்வளவு நாளும் அவள் இந்தக் காட்டைச் சுற்றிப் பார்க்க வரவில்லை மகள், இந்த ஆட்களை நம்பலாமா கூடாதா என்று பார்க்க வந்திருக்கிறாள். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். றொசானா அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னது நல்லது அம்மா, இனி நாங்க பாத்துக்கிறோம்" என்றாள், அங்கேயே நின்று தன் ஆபிஸ் பெரியவருக்குச் சிங்களத்தில் போன் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெரியவர் தோட்டத்துத் தொரையோடு பேசியிருக்கிறார், குட்டிகள் இருக்கலாம், இன்னும் கொஞ்ச நாளைக்கு மலையைத் திறக்காதீர்கள் என்று. அம்மாவின் பெயரை அவர்கள் சொல்லவில்லை. ஆனால் குட்டி என்ற சொல் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா காதுக்கு வந்து, கங்காணி வாய்க்கு வந்து, மத்தியானச் சோறு வேகுமுன் லயம் முழுக்கப் பரவிவிட்டது. திலக்ஷன் நாய்களை அவிழ்த்தான். நிரோஷன் மண்வெட்டிப் பிடியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டுப் போனான். உள்ளே திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பீலிக்கரை, கோயில், வேலாயி வீடு எல்லாம் தேடிவிட்டு மேட்டுமலைப் பாதையில் ஏறினேன். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதோ தெரியாது. வளைவு திரும்பினால், மலைக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதையின் குறுக்கே அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் வெட்டு மண், அவளைத் தாண்டாமல் மேலே போக வழியில்லை. பொடியன்கள் அவள் முன்னால் நிற்கிறார்கள், நாய்கள் இழுத்துக் குரைக்கின்றன.

"எந்திரிங்கம்மா" என்றான் நிரோஷன். அவள் எழுந்திருக்கவில்லை. "உங்களக் கடிச்சத நீங்களே காப்பாத்துறீங்களா, அந்தப் பொம்பள சொல்லிக் குடுத்துச்சா" என்று கத்தினான். அவன் இவளிடம் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அம்மா சத்தம் போடவில்லை. "யாரும் சொல்லிக் குடுக்கல. மொதல்ல பாத்தவ நான்தான். அது குட்டிமேல நான் கைய வச்சேன், அது எம்மேல கைய வச்சிருச்சு, அவ்வளவுதான்டா. உனக்குக் கொல்லணும்னா கொல்லு, எம்பேரச் சொல்லிக் கொல்லாத" என்றாள். திலக்ஷன் ஏதோ சொல்ல வந்தான், நிரோஷன் அவனைப் பார்த்து, போடா என்றான். மெல்ல மெல்ல ஒவ்வொருத்தனாக நாய்களை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். நிரோஷன் போகவில்லை. மண்வெட்டிப் பிடியைச் சரிவில் வீசினான், பிறகு அவளுக்குக் கொஞ்சம் தள்ளி அதே பாதையில் உட்கார்ந்துகொண்டான். வனவிலங்கு ஆட்களின் ஜீப் வருகிற மட்டும் அவர்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள், நானும் அந்த வெட்டு மண்ணில் சாய்ந்து நின்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் ஹட்டனுக்குப் போய்விட்டான்.

பாறைக்குப் பக்கத்திலேயே கமராவை மாற்றிக் கட்டினார்கள். அந்தக் கிழமைக் கடைசியில் றொசானா வந்து தன் போனில் காட்டினாள். விடிகிற நேரத்துப் பனி, பாறை, அது வருகிறது, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு காட்டுப் பக்கம் ஏறிப் போகிறது, கொஞ்ச நேரம் வெறும் பாறை, பிறகு திரும்பி வந்து இன்னொன்றையும் கொண்டுபோகிறது. அம்மா திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டுதான், நான் பாத்ததும் ரெண்டுதான்" என்றாள். அன்று மத்தியானம் படுத்தவள் பொழுது சாயும் மட்டும் அசையாமல் தூங்கினாள். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது, மூக்கில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி மேட்டுமலையில் பயமில்லை என்று அதற்குப் பிறகு தோட்டத்தில் திறந்துவிட்டார்கள், இன்றைக்குத்தான் அங்கே முதல் நாள் வேலை. அம்மா போயிருக்கிறாள். கை முழுக்க ஆறட்டும், வேறு மலைக்குப் போகலாம், கொழுந்தெடுக்காமல் வீட்டில் இருந்தாலும் நம்மால் கஞ்சி குடிக்க முடியும் என்று எவ்வளவோ சொன்னேன். "வீட்டுலயே உக்காந்திருந்தா அது இன்னும் எம்மேல நிக்கிற மாதிரியே இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள். அதுதான் காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழே பாத்தியில் இறங்கினால் மேலே என்ன சத்தம் என்று காது போகிறது, வீட்டுக்குள் வந்தால் வாசல் இழுக்கிறது. மேட்டுமலைப் பக்கமிருந்து டொங் டொங் என்று தகரம் தட்டுகிற சத்தம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது, பன்றி விரட்டுகிறார்களாக்கும் என்று நினைத்தேன், பகலில் யார் பன்றி விரட்டுவார்கள் என்று யோசனை வந்ததும் கடிதத்தை இங்கே வைத்துவிட்டு மேலே ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பினேன்.

தட்டுகிறது நிரோஷன். விடியற்காலை பஸ்ஸில் வந்து, வீட்டுக்குக்கூட வராமல் நேரே மலைக்குப் போயிருக்கிறான். காட்டோரத்துப் பாறை மேல் எண்ணெய்த் தகரம் ஒன்றைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கம்பால் அடித்துக்கொண்டிருக்கிறான், கீழே அம்மா தன் நிரையில் கொழுந்தெடுக்கிறாள், இவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எப்போதடா வந்தாய், அம்மாவோடு பேசினாயா என்று கேட்டேன். "பேசல" என்றான். நீ வந்தது அவளுக்குத் தெரியுமா என்றேன். "காலையிலேருந்து தட்டுறேன், தெரியாமலா இருக்கும்" என்றான். பத்து மணித் தேத்தண்ணிக்கு நின்றபோது அம்மா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து வேலாயியிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள், இவனும் வாங்கித் தின்றிருக்கிறான். வேலாயி என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஆகவே மகள், அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே. ஒப்பந்தம் முடிந்து தலை நிமிர்ந்து வா. தம்பியைக் கண்டித்து ஒன்றும் பேசிவிடாதே, அவன் கோபப்பட்டதும் அவளுக்காகத்தான், அங்கே போய்க் குந்தியிருப்பதும் அவளுக்காகத்தான். அம்மா போனை எடுத்தால் கை எப்படி இருக்கிறது என்று கேள், அவளாகச் சொன்னால் முழுக்கக் கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. றொசானா உன்னை விசாரித்தாள், நீ லீவில் வரும்போது சமவெளிக்குக் கூட்டிவரச் சொன்னாள், அம்மாவும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு இப்போது மூன்று நிலையமும் அத்துப்படி. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, வேலாயியின் மகளிடம் அம்மா கொடுத்தனுப்பும் மிளகாய்த்தூளைக் காற்றுப் படாமல் மூடி வை. மாரியம்மன் உன் தலைமாட்டில் நிற்கட்டும், எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நல்லபடியாக இரு.

சாயந்தரமாகிவிட்டது, பெண்கள் எடை போட்டுவிட்டு இறங்குகிற பேச்சுக்குரல் கேட்கிறது. தகரச் சத்தமும் கூடவே இறங்கி வருகிறது. நான் அடுப்பில் தண்ணி வைக்கப் போகிறேன், இன்றைக்கு நாலு கோப்பை எடுத்து வைத்துவிட்டேன், மூன்று போதும் என்று பிறகுதான் நினைவு வந்தது, அதையும் எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
அழகுமுத்து